டேஷ்போர்டில் தேங்காய் எண்ணெய்

அத்தியாயம் 17

ஒன்பது வருஷமாகத் தங்கை இருக்கிறாளா செத்தாளா என்று எட்டிப் பார்க்காத டில்லிபாபு, போன ஞாயிற்றுக்கிழமை சுங்குவார்சத்திரத்தில் அவளுடைய ஒற்றை அறை வாசலில் வந்து நின்றான் அல்லவா? பாசம் பொங்கி வரவில்லை. அவனுடைய காண்டெஸா காரின் உட்புறம் வெளுத்துப் போயிருந்தது. தங்கை செந்தாமரை ஒரகடத்தில் காருக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிறவள். அண்ணன் வந்த காரணம் அவ்வளவுதான்.

மகள் கனிஷ்காவைப் பெண் கேட்டிருக்கும் வாலாஜாபாத் இராமச்சந்திரன் பழைய கார் என்றால் உயிரை விடுகிறவர். "வண்டிக்குள்ள எல்லாம் ஒரிஜினல்தானே?" என்று அவர் போனில் கேட்க, "ஒரு ஸ்க்ரூ மாத்தலீங்க. எங்கப்பா வெச்சிருந்த மாதிரியே கீது" என்று டில்லிபாபு அளந்து விட்டிருந்தான்.

அப்பா வைத்திருந்தது ஒரு மொபெட். அதையும் பாதி நாள் தள்ளிக்கொண்டுதான் வருவார். காண்டெஸா, டில்லிபாபு படப்பையில் மனை விற்க ஆரம்பித்த பிறகு யாரிடமோ வாங்கியது. வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று மனைகளுக்கு நடுவே மொட்டை வெயிலில் பத்து வருஷம் நிறுத்தி வைத்தான். டேஷ்போர்டு வெளுக்காமல் என்ன செய்யும்?

செந்தாமரை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நிச்சயத்தன்று, பெண்ணுக்கு அத்தை என்ற முறையில், தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்துச் சபையில் நிற்பது அவளாகத்தான் இருக்க வேண்டும்.

புருஷன் ரகுவை விட்டு வந்தவள் அவள். கம்பெனி வாசலில், ஷிப்ட் முடிந்து வந்த அத்தனை பெண்களுக்கும் முன்னால் அவன் அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு வந்த கனிஷ்காவின் மஞ்சள் நீராட்டில், வாழாதவள் முன்னால் வரக்கூடாது என்று அவளைப் பின்கட்டில் பாத்திரம் எடுத்துக் கொடுக்க வைத்தார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறியவள்தான்.

"நீதான் தட்டு எடுக்குற. அம்மா மேல சத்தியம்" என்றான் டில்லிபாபு. அம்மா போய்ச் சேர்ந்து பதினான்கு வருஷம் ஆகிறது. அவனுக்குச் சத்தியம் செய்ய வசதியான ஆள்.

அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று செந்தாமரைக்குத் தெரியும். தெரிந்தும் ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதற்காகத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல்.

இன்று நிச்சயம். காலை ஆறரை மணிக்கெல்லாம் படப்பை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் அவள் வேலையில் இருந்தாள்.

போன வாரமே கதவுப் பலகைகள், கியர் பெட்டி மூடி, டேஷ்போர்டு என்று எல்லாவற்றையும் கழற்றிச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவியிருந்தாள். தேய்க்கத் தேய்க்க அழுக்குக்குப் பதில் பிசுக்குதான் வந்தது. வாரா வாரம் டில்லிபாபு தேங்காய் எண்ணெயும் அதன்மேல் பளபளப்பு ஸ்பிரேயும் போட்டுத் துடைத்து வந்திருக்கிறான். அப்பளம் பொரித்த சட்டியைக் கழுவுவது இதைவிடச் சுலபம். ஸ்பிரிட் தொட்ட துணியால் மூன்று தடவை துடைத்த பிறகுதான் துணி வெள்ளையாக வந்தது.

அண்ணி எண்ணெய்க் கிண்ணத்தோடு ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"தலையப் பாரு, பரட்டையாட்டம். நல்ல நாளும் அதுவுமா ரெண்டு சொட்டு எண்ணெ வெச்சா இன்னா கொறஞ்சிடும்?"

"பெயிண்ட் அடிக்கப் போறேன் அண்ணி. எண்ணெ இந்தப் பக்கமே வரக்கூடாது."

"ஆமா, பெரிய ஆப்ரேஷன் பண்ற டாக்டரு" என்று அண்ணி உதட்டைச் சுழித்தாள்.

அண்ணிக்கு எங்கே தெரியும்? ஒரகடத்துப் பெயிண்ட் ஷாப்பில் தலைக்கு எண்ணெய் வைத்தவளை உள்ளே விடமாட்டார்கள். பவுடர் கூடாது, முகக் கிரீம் கூடாது, பூ கூடாது. சூப்பர்வைசர் மெர்சி வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக மோந்து பார்ப்பாள். எண்ணெய் ஒரு துளி பட்டால் போதும், பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகி மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாகப் பள்ளம் விழும். ஒரு பலகை குப்பைக்குப் போகும். செந்தாமரையின் பரட்டைத் தலை பத்துப் பன்னிரண்டு வருஷ ஒழுங்கு. அதைப் பார்த்துச் சிரிக்கிற வீடு இது.

மெர்சியிடம் கேட்டு வாங்கி வந்த ஸ்பிரே கன்னைச் சுத்தம் செய்து, கலந்து வைத்திருந்த டப்பாவைத் திறந்தாள். பல் தேய்த்துக்கொண்டே வந்த டில்லிபாபு எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"இன்னாடி கலர் இது, மண்ணு மாதிரி? வண்டி கிரே!"

"கிரே இல்லண்ணா."

"பத்து வருசமா நான் ஓட்டிகினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

அவள் கழற்றி வைத்திருந்த டேஷ்போர்டைத் திருப்பி, சாம்பல் தட்டு பொருந்தும் பள்ளத்தை அவனுக்குக் காட்டினாள். வெயிலும் எண்ணெயும் போகாத அந்த இரண்டு விரல் இடத்தில், வறுத்த காப்பிக்கொட்டை நிறம் அப்படியே இருந்தது.

"இதான் உன் வண்டி கலரு. நீ கிரேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிகினு இருந்தது வெளுத்துப் போனது."

டில்லிபாபு பல் தேய்ப்பதை நிறுத்தி இரண்டு கணம் பார்த்தான். தோற்றுப் போனால் பேச்சை மாற்றுவது அவன் வழக்கம்.

"யூடியூப்ல ஒருத்தன் ஹீட் கன்னால சூடு காட்றான். ரெண்டே நிமிசத்துல புதுசாட்டம் ஆயிடுது. நீ ஒரு வாரமா மாவு அரைச்சிகினு கீறே."

"ரெண்டு மாசம் கழிச்சு அது எப்டி கீதுன்னு காட்னானா?"

"உன்கிட்ட பேச முடியாது" என்று துப்பிவிட்டுப் போனான்.

மெல்லிய கோட்டாக ஒன்று, காயவிட்டு இன்னொன்று, பிறகு இன்னொன்று. அவசரப்பட்டால் பிளாஸ்டிக்கில் இருக்கும் தோல் வரிகள் மூடிப்போய்ப் பொம்மைக் கார் மாதிரி ஆகிவிடும். கம்பெனியில் ஒரு நாளைக்கு இருநூறு பலகை பார்க்கிறவளுக்கு இந்த ஏழு துண்டு பெரிய விஷயமில்லை. ஆனாலும் கம்பெனியில் இத்தனை கவனமாக அவள் அடித்ததில்லை.

ஒரு மணிக்கு எல்லாவற்றையும் பொருத்தி முடித்தாள். டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி மட்டும் ஷெட்டில் தொங்கியது. அதன் கீல் உடைந்து, பசை வைத்துக் காயப் போட்டிருந்தாள்.

டில்லிபாபு உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"டல்லா கீதே. ஷைனிங்கே இல்ல?"

"ஷைனிங் இல்லாம இருந்தாத்தான் ஒரிஜினல். கம்பெனிலேர்ந்து இப்டித்தான் வந்திருக்கும். நல்லா கேட்டுக்கோண்ணா, நாளைக்கி வரைக்கும் எண்ணெ, பாலீஷ், ஈரத்துணி ஒண்ணும் படக்கூடாது. வெறுங்கையால தொட்டா ஒண்ணும் ஆகாது. வேற எதுவும் வேணாம்."

"சரி சரி. என்னை இன்னா சின்னப் புள்ளன்னு நெனச்சியா?"

நினைக்கவில்லை. சின்னப் பிள்ளை என்றால் சொன்னதைக் கேட்கும்.

குளித்துவிட்டு அவள் அரக்குப் பட்டைக் கட்டும்போது கனிஷ்கா வந்து மடிப்புப் பிடித்துக் கொடுத்தாள். இருபத்து மூன்று வயசு. நிச்சயப் பையன் சக்திகுமாரின் பெயரைச் சொன்னாலே முகம் மலர்ந்துவிடுகிறது. அதை மறைக்கவும் தெரியவில்லை.

"அத்தை, இன்னிக்கி நீங்கதானே தட்டு? நான் அவர்கிட்டகூட சொல்லிட்டேன்."

"உங்கப்பா பேச்சு மாறாம இருந்தா."

கனிஷ்காவின் கை மடிப்பில் நின்றது. "காலையிலேர்ந்து அப்பா யாருக்கோ போன் பண்ணிகினே இருக்காரு. நான் போனா கட் பண்றாரு. இன்னா விஷயம்னு தெரியல."

"எவனையாவது மனை பாக்கக் கூப்டுவாரு" என்று செந்தாமரை அலட்சியமாகச் சொன்னாள். தலைக்குப் பூ மட்டும் வைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு வாலாஜாபாத்திலிருந்து இரண்டு கார்கள் வந்தன. இராமச்சந்திரன் வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கினார். அவர் மனைவி சந்திரம்மாள் இறங்கும்போதே வாசல் கோலத்திலிருந்து மாடித் தண்ணீர்த் தொட்டி வரை கண்ணால் அளந்துவிட்டாள்.

"காப்பி சாப்பிடலாம், உள்ள வாங்க" என்று அண்ணி குழைந்தாள்.

"பேச்சு முடியட்டும்மா. தட்டு மாத்தின அப்புறம் கை நனைக்கிறோம்" என்றாள் சந்திரம்மாள்.

"நீங்க பேசிட்டிருங்க. நான் முதல்ல வண்டியைப் பாத்துட்டு வரேன்" என்று இராமச்சந்திரன் போர்டிகோ பக்கம் நடந்தார். டில்லிபாபு கைகட்டி முன்னால் ஓடினான். கல்யாணம் காருக்கா பெண்ணுக்கா என்று யாரும் கேட்கவில்லை.

செந்தாமரை வாசற்படியிலிருந்தே காரைப் பார்த்தாள்.

கார் முகப்பில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், எரிந்த கற்பூரத்தின் கருப்பு. வண்டிக்குப் பூஜை போட்டிருக்கிறான். போடட்டும். கண்ணாடி வழியாக உள்ளே டேஷ்போர்டு பளபளவென்று, முகம் பார்க்கலாம் போல மின்னியது. டயருக்கு அடியில் ஸ்பிரே டப்பா ஒன்று உருண்டு கிடந்தது. பக்கத்தில் காலையில் அண்ணி கொண்டு வந்த அதே எண்ணெய்க் கிண்ணம்.

அவள் இரண்டு எட்டு வைப்பதற்குள் இராமச்சந்திரன் ஏறி உட்கார்ந்துவிட்டார். கார் பிரியர்கள் செய்கிற மாதிரி உள்ளங்கையை டேஷ்போர்டில் வைத்து ஆசையாக ஒரு தடவு தடவினார்.

கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம். பதறிப்போய் அதை வேட்டியில் துடைத்தார். வேட்டி அடுத்த நிமிடமே பாழ்.

"என்னங்க இது?" என்றார் இராமச்சந்திரன்.

டில்லிபாபுவின் வாய், பழக்கம்தானே, பழியைப் போட ஆள் தேடிற்று.

"என் தங்கச்சிதாங்க. நான் வேணாம் வேணாம்னு சொன்னேன். கம்பெனில ஏதோ கூலி வேலை பாக்குறவ. தெரியும் தெரியும்னு வந்து எங்கப்பா வண்டிய நாசம் பண்ணிட்டா."

எல்லோரும் திரும்பிச் செந்தாமரையைப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. காது மடல் இரண்டும் எரிந்தன. இந்த ஆளையா அண்ணன் என்று நம்பி ஒரு வாரம் முழங்காலில் நின்று தேய்த்தோம் என்று இருந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"பாருங்க, கோச்சிகினு போயிட்டா" என்று டில்லிபாபு சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது கையில் அந்த மூடி இருந்தது. காலையில் அடித்து, யார் கையும் படாமல் ஷெட்டில் தொங்கியது. நேராக இராமச்சந்திரனிடம் நீட்டினாள்.

"இதையும் தொட்டுப் பாருங்கய்யா. அதே டப்பா, அதே நேரம் அடிச்சது."

அவர் தயங்கி, சுத்தமான கையால் தொட்டார். அழுத்தித் தேய்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மூடியை வெளிச்சத்தில் சாய்த்து, தோல் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு மரியாதை வந்தது. பிறகு கறை படிந்த தன் உள்ளங்கையை மூக்குக்குக் கொண்டு போனார்.

"தேங்கா எண்ணெ" என்றார்.

டில்லிபாபு தரையைப் பார்த்தான்.

"பூஜைக்குக் கொஞ்சம் பளபளன்னு இருக்கட்டுமேன்னு…"

"காயாத பெயிண்ட் மேல எண்ணெயும் பாலீசும் போடுவாங்களா யாராவது? இந்தம்மா சொல்லலியா உங்ககிட்ட?"

"சொன்னாங்க மாமா" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கனிஷ்காவின் குரல் வந்தது. "எங்கத்தை மதியமே சொன்னாங்க. நான் காதால கேட்டேன்."

நிச்சயப் பெண் இப்படி வாய் திறப்பதைச் சந்திரம்மாள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று முகத்தில் தெரியவில்லை. அவள் செந்தாமரையை மேலும் கீழும் பார்த்தாள்.

"கூடப் பொறந்த அத்தை இவங்கதானா? அப்ப ஏன் வந்ததிலேர்ந்து ஓரமாவே நிக்கறாங்க? தட்டு இவங்கதானே எடுக்கணும்? வீட்டுக்காரர் எங்க?"

கேள்வி கேட்டு வாய் மூடவில்லை, வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பட்டுச் சட்டையும் நெற்றியில் சந்தனமுமாக இறங்கினவனைப் பார்த்ததும் செந்தாமரைக்குக் காலையிலிருந்து அண்ணன் பேசிய போன்களுக்கெல்லாம் அர்த்தம் புரிந்துவிட்டது.

ரகு.

டில்லிபாபு அவள் காதோரம் வந்து, பல்லைக் காட்டியபடியே கிசுகிசுத்தான். "சொன்ன சொல்லு மாறல பாரு. தட்டு உனக்குத்தான். அவன் பக்கத்துல அஞ்சு நிமிசம் ஜோடியா நில்லு, போதும். சபைக்கி அழகா இருக்கும்."

"கேக்காம கூப்ட்டியா?"

"கேட்டா நீ ஒத்துப்பியா?"

அவள் அண்ணனின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். வெட்கம் என்று ஒன்று அதில் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள், வியர்வைதான் இருந்தது. கார் வெளுத்தால் எண்ணெய், தங்கை தனியாக நின்றால் ஒரு புருஷன். இவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

ரகு படியேறி வந்து, பத்து வருஷம் ஒன்றுமே நடக்காதது போல, "இன்னா தாமரை, நல்லா கீறியா?" என்று அவள் தோள் பக்கம் நெருங்கினான்.

"யாரும்மா இவரு?" என்று சந்திரம்மாள் கேட்டாள்.

ஒரே வார்த்தைதான். 'வீட்டுக்காரர்' என்று சொல்லிவிட்டால் போதும். பின்கட்டுப் பாத்திரம், சாப்பிடாமல் ஏறின பஸ், எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வெள்ளித் தட்டு கைக்கு வந்துவிடும். டில்லிபாபுவின் கண் கெஞ்சியது. கம்பெனி வாசலில் தன் தலைமுடியைப் பிடித்த கை இப்போது தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதை அவள் பார்த்தாள்.

ஓரடி விலகி நின்றாள்.

"எனக்குத் தெரியாதுங்க. எங்கண்ணன் கூப்ட்டிருக்காரு, அவரையே கேளுங்க. நான் புருஷன விட்டுட்டு வந்து பத்து வருசம் ஆகுது. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அதுக்கு மேல பாலீஷ் போட எனக்கு இஷ்டமில்ல."

ரகுவின் சிரிப்பு அப்படியே உதட்டில் காய்ந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். இராமச்சந்திரன் கையிலிருந்த மூடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்.

செந்தாமரை அதை அவரிடமிருந்து வாங்கினாள். குனிந்து காருக்குள் போய், பல்லிளித்துக்கொண்டிருந்த பெட்டியில் அதைப் பொருத்தினாள். வழிந்து கிடந்த டேஷ்போர்டில், சரியான நிறத்தில் அந்த ஒரு துண்டு மட்டும் தனியாகத் தெரிந்தது. ஆரம்பித்த வேலையை முடித்தாயிற்று. இனி ஸ்பிரே கன்னை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான்.

நிமிர்ந்தபோது எதிரே கனிஷ்கா நின்றாள். பட்டுப் புடவையில், சபைக்கு அழைக்காமலே வெளியே வந்துவிட்டிருந்தாள். கையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, பழம் வைத்த தாம்பூலத் தட்டு.

"பிடிங்க அத்தை."

"கனிஷ்கா, உள்ள போ!" என்று டில்லிபாபு கத்தினான்.

"பிடிங்க" என்றாள் கனிஷ்கா மறுபடியும். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற சக்திகுமார் பக்கம் அவள் ஒரு தடவை பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செந்தாமரை பட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள். ஒன்பது வருஷமாக எத்தனையோ தடவை மனசுக்குள் தூக்கிப் பார்த்த தட்டு. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, சந்திரம்மாளுக்கு நேராக நீட்டினாள்.

சந்திரம்மாள் தட்டைப் பார்த்தாள். ரகுவைப் பார்த்தாள். கடைசியாகத் தன் புருஷனின் வேட்டியில் இருந்த கறையைப் பார்த்தாள்.

"நாங்க இன்னும் இந்த வீட்ல கை நனைக்கலீங்க" என்றாள்.

கட்டிய கை இரண்டையும் அவள் பிரிக்கவில்லை.